பெல்லா ஓடிப்போகவில்லை

"சித்தி, இந்த வீட்டுல அவங்க அம்மா எங்க?" என்று பத்து வயதான அக்கா மகள் கேட்டாள். என் மடிக்கணினியில் 'தி சிம்ஸ் 2' விளையாட்டின் காத் குடும்பத்து வீடு திறந்திருந்தது. நரைத்த தலையோடு மார்ட்டிமர், அவருடைய மூத்த மகள் கசாண்ட்ரா, பள்ளிக்கூடம் போகும் வயதில் மகன் அலெக்சாண்டர் என்று மூவர் மட்டுமே அந்தப் பெரிய வீட்டில் இருந்தார்கள். அவள் விளையாடிப் பழகியது 2014இல் வெளிவந்து, 2022 அக்டோபரிலிருந்து இலவசமாகவே கிடைக்கும் 'தி சிம்ஸ் 4'. அதில் இதே குடும்பத்தில் சிவப்பு உடை அணிந்த பெல்லா காத் என்னும் பெண் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வில்லோ கிரீக் என்னும் ஊரில் குறையின்றி வாழ்கிறாள். அவளைத்தான் குழந்தை தேடியிருக்கிறாள். "காணாமப் போயிட்டாங்கம்மா" என்றேன். "யாராவது தேடுனாங்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக இந்தப் பெண்ணைப் பற்றிய ஊகங்களைப் படித்தும் யோசித்தும் வந்திருக்கிற எனக்கு, அந்தக் கேள்விக்குச் சொல்ல உடனே பதில் இருக்கவில்லை.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 'தி சிம்ஸ்' வரிசையின் முதல் விளையாட்டு 2000 பிப்ரவரியில் வந்தது. அதை உருவாக்கியவர் வில் ரைட். 1991இல் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைச்சரிவில் பரவிய பெருந்தீயில் தம் வீட்டை இழந்து, எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க நேர்ந்த அனுபவத்திலிருந்து இந்த எண்ணம் தமக்கு உதித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இதில் வெற்றி தோல்வி கிடையாது. வீடு கட்டலாம், வேலைக்குப் போகலாம், காதலிக்கலாம், பிள்ளை வளர்க்கலாம், முதுமை அடைந்து இறக்கலாம். அந்த முதல் விளையாட்டிலேயே மார்ட்டிமர், பெல்லா, சிறுமி கசாண்ட்ரா ஆகியோர் அடங்கிய காத் குடும்பம் இருந்தது. நான்கரை ஆண்டு கழித்து, 2004 செப்டம்பரில் வந்த 'சிம்ஸ் 2' கதைக்காலத்தை 25 ஆண்டுகள் முன்னே நகர்த்தியது. பிளசன்ட்வியூ என்னும் அதே ஊர், அதே குடும்பம், ஆனால் பெல்லா இல்லை. அவள் மர்மமாகக் காணாமல் போனாள் என்று மட்டும் விளையாட்டு சொல்லிவிட்டு, மேற்கொண்டு நடத்திச் செல்லும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிடுகிறது.

நான் பெல்லாவைச் சந்தித்தது 2012ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் பெரியம்மா வீட்டில். பெரியம்மா மகளான அக்கா அப்போது பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய கணினியில் புதிய விளையாட்டுகள் ஓடா என்பதால், எட்டு ஆண்டு பழையதான சிம்ஸ் 2 டிவிடியை யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தாள். நான் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். குடும்பங்களைப் பற்றிய ஆங்கில அறிமுகக் குறிப்புகளை அவள் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் விளையாட்டு தொடங்கிய பிறகு அந்தத் தடை இல்லை. சிம்ஸ் மாந்தர்கள் பேசுவது சிம்லிஷ் என்னும் கற்பனை மொழி. உலகத்தில் யாருக்கும் அது தாய்மொழி அன்று. கலிஃபோர்னியாவில் விளையாடுகிறவருக்கும் கன்னங்குறிச்சியில் விளையாடுகிற எனக்கும் கசாண்ட்ராவின் அழுகை ஒரே அளவுக்குத்தான் புரிந்தது. மற்றவர்களுக்குச் சமமாக நான் உணர்ந்த முதல் ஆங்கில விளையாட்டு அது. யாரும் நமக்குப் புரிகிற மொழியில் எதையும் சொல்லிவிட முடியாத உலகம் என்பதாலேயே அங்கே ஒரு மர்மம் இத்தனை காலம் மர்மமாகவே தங்க முடிந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அன்று அக்கா காத் குடும்பத்தின் குறிப்பைப் படித்துவிட்டு, "இவரோட சம்சாரம் காணாமப் போயிட்டாங்களாம்" என்றாள். கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தாமலே, "யாரோட ஓடிப்போனாளாம்?" என்று கேட்டார். பெரியம்மா கெட்ட மனம் படைத்தவர் அல்லர். காணாமல் போன பெண் என்றதும் எங்கள் தெருவில் முதலில் வாயில் வருகிற சொல் அது, அவ்வளவுதான். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் படிக்கக் கற்றுக்கொண்டு, பெல்லாவைப் பற்றி உலகமெங்கும் ரசிகர்கள் கட்டியிருக்கிற ஊகங்களைத் தேடிப் படித்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெரியம்மாவின் அந்த ஒற்றைக் கேள்வியைத்தான் நீட்டி எழுதியிருக்கின்றன என்பதைக் கண்டு வியந்தேன்.

ஊகங்களுக்குப் போகுமுன், விளையாட்டு நமக்கு உண்மையிலேயே கொடுத்திருப்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். சேலம் பழைய பேருந்து நிலையத்துச் சுவர்களிலும் தூண்களிலும் 'காணவில்லை' என்று தலைப்பிட்ட சுவரொட்டிகளைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மங்கிய படத்துக்குக் கீழே பெயர், வயது, உயரம், நிறம், கடைசியாக அணிந்திருந்த உடை, கடைசியாகக் காணப்பட்ட இடம் என்று வரிசையாக இருக்கும். ஊகம் எதுவும் அதில் அச்சாவதில்லை. ஏன் போனார், யாரோடு போனார் என்று எந்தக் குடும்பமும் அதில் எழுதாது. பெல்லாவுக்கு அப்படி ஒரு சுவரொட்டி அச்சடித்தால் என்ன எழுதலாம் என்று பள்ளிக் குறிப்பேட்டின் கடைசித் தாளில் நான் ஒருமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். பெயர் பெல்லா காத். பிறந்த வீட்டுப் பெயர் பேச்சலர். கறுத்த நீண்ட கூந்தல். சிவப்பு உடை. கடைசியாகக் காணப்பட்ட இடம், டான் லொத்தாரியோ என்பவருடைய வீட்டின் மேல்தளம்.

அந்தக் கடைசி வரிதான் எல்லாச் சந்தேகத்துக்கும் ஊற்று. டான் அந்த ஊரின் பெண்பித்தன். கசாண்ட்ராவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையாக இருந்துகொண்டே, டீனா, நீனா என்னும் கலியென்டே சகோதரிகள் இருவரோடும், வீட்டு வேலைக்கு வருகிற கேலின் என்னும் பெண்ணோடும் தொடர்பு வைத்திருப்பவன். ஊரோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் கதைப் படங்களில், பெல்லா அவனுடைய வீட்டு மேல்தளத்தில் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்ப்பதும், வானிலிருந்து இறங்கிய ஒளி அவளைத் தூக்கிச் செல்வதும் காட்டப்படுகின்றன. இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் நினைவுப் பட்டியல் ஒன்று உண்டு; முதல் முத்தம், வேலை உயர்வு, உறவினர் சாவு எல்லாம் சிறு சிறு படங்களாக அதில் வரிசையாகச் சேரும். டானின் பட்டியலைத் திறந்தால், அவன் பெல்லாவை நெருங்கியதும் அவள் அவனை மறுத்ததும் பதிவாகியிருக்கின்றன. நான் மறுபடி மறுபடி திரும்பி வருகிற இடம் அதுதான். ஒளி தூக்கிச் சென்ற காட்சியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் அவள் 'முடியாது' என்று சொன்னதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

வேற்றுக்கிரகவாசிகள் கடத்தினார்கள் என்பதோடு கதை முடிந்துவிடவில்லையா என்று கேட்கலாம். முடியவில்லை, ஏனென்றால் அந்த விடை விளையாட்டின் சொந்த விதிகளுக்கே ஒத்துவரவில்லை. சிம்ஸ் 2இல் இரவில் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கிற யாரையும் பறக்கும் தட்டு தூக்கிச் செல்லக்கூடும். நாங்களே அக்காவின் கணினியில் இரண்டு முறை கண்டிருக்கிறோம். ஆனால் தூக்கிச் செல்லப்பட்டவர் சில மணி நேரத்தில் அதே வீட்டு வாசலில் தொப்பென்று எறியப்படுவார். ஆணாக இருந்தால் வயிற்றில் பச்சை நிறக் குழந்தையோடு திரும்புவார். பெண்ணுக்கு அதுவும் இல்லை, கலைந்த தலையோடு எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். போனவர் வராமல் போனது என்பது அந்த உலகத்தின் நடைமுறையிலேயே கிடையாது. பெல்லா ஒருத்திக்கு மட்டும்தான் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே அவளைக் கடத்தினார்கள் என்பது எங்கே போனாள் என்பதற்கு விடையாகலாம். ஏன் வரவில்லை என்பதற்கு விடை ஆகாது.

இங்கேதான் ஸ்ட்ரேஞ்ச்டவுன் வருகிறது. சிம்ஸ் 2இல் பிளசன்ட்வியூவோடு 'வெரோனாவில்', 'ஸ்ட்ரேஞ்ச்டவுன்' என்று மேலும் இரண்டு ஊர்கள் உண்டு. ஸ்ட்ரேஞ்ச்டவுன் பாலைவன ஊர். ஊரோரத்தில் உடைந்து விழுந்த பறக்கும் தட்டு கிடக்கும், வேற்றுக்கிரகவாசியை மணந்த பெண்ணின் குடும்பம் ஒன்று அங்கே குடியிருக்கும், மூன்று சகோதரர்கள் சேர்ந்து வாழும் வீட்டில் மூத்தவர் கருவுற்றிருப்பார். அந்த ஊர்த் தெருவில் ஒரு நாள் பெல்லா காத் என்ற பெயரோடு சிவப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி சாதாரணமாக நடந்து போவாள். அவளை முதன்முதலில் பார்த்த அன்று அக்காவும் நானும் கத்திய கத்தலில் பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். அவளைக் கூப்பிட்டுப் பேசினோம், நட்பாக்கினோம், எங்கள் வீட்டோடு சேர்த்துக்கொண்டோம். பிறகு நினைவுப் பட்டியலைத் திறந்தோம். மார்ட்டிமர் இல்லை, கசாண்ட்ரா இல்லை, அலெக்சாண்டர் பிறந்த நாள் இல்லை. குடும்ப மரத்தில் அவள் தனி ஆள். அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த இரண்டாம் பெல்லாவைக் கொண்டு எழுப்பப்பட்ட ஊகங்கள்தான் எல்லாவற்றிலும் செழிப்பானவை. வேற்றுக்கிரகவாசிகள் அவளுடைய நினைவை அழித்து இறக்கிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. உண்மையான பெல்லாவை வைத்துக்கொண்டு நகல் ஒன்றைச் செய்து அனுப்பினார்கள் என்பது இன்னொரு கட்சி. முகச்சாயல் அச்சாக ஒன்றுபோல இல்லை என்பதை இவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். அன்றிரவு மொட்டைமாடியில் ஆயாவிடம் இதைச் சொன்னோம். அந்தக் கோடையில் மின்வெட்டு கடுமை. இரவில் பாய், தலையணையோடு குடும்பமே மாடிக்கு ஏறிவிடும். வடக்கே சேர்வராயன் மலை இருட்டாக நிற்க, அதன் மேல் ஏற்காட்டு விளக்குகள் மட்டும் எங்கேயோ ஒன்றிரண்டு தெரியும், மலைப்பாதையில் ஏறும் வண்டியின் வெளிச்சம் கொண்டை ஊசி வளைவுகளில் தோன்றித் தோன்றி மறையும். ஆயா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "முனி தூக்கிட்டுப் போன ஆளு திரும்பி வரும் கண்ணு. வந்தா, தான் யாருன்னு தெரியாது" என்றார். அடுத்த நொடியே, "ஒரே சாயல்ல ஏழு பேரு இருப்பாங்கன்னு சொல்லுவாங்களே, இது அவளே இல்லையோ என்னமோ" என்றும் சொன்னார். ஆங்கிலத்தில் பல ஆண்டுகள் நடந்த விவாதத்தின் இரண்டு கட்சிகளையும், கணினி என்றால் என்னவென்றே தெரியாத ஆயா ஒரு மூச்சில் சொல்லி முடித்ததை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

நான் ஆயாவின் இரண்டாவது வாக்கியத்தின் பக்கம். ஸ்ட்ரேஞ்ச்டவுன் பெண் பெல்லா அல்லள் என்பதற்கு விளையாட்டின் கட்டமைப்பே காரணம் தருகிறது. சிம்ஸ் 2இல் ஒவ்வோர் ஊரும் தனித்தனிக் கோப்புத் தொகுதி. ஓர் ஊரில் பிறந்த மனிதரை அவருடைய உறவுகளோடும் நினைவுகளோடும் வேறோர் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. வலிந்து கொண்டுபோனால் ஊரின் தரவே பழுதாகும் என்று பழகியவர்கள் எச்சரிப்பார்கள். ஆகவே ஸ்ட்ரேஞ்ச்டவுனில் பெல்லா நடக்க வேண்டுமானால், அவளைப் புதிதாக உருவாக்கியே அங்கே விட்டிருக்க வேண்டும். நினைவு அழிக்கப்பட்டது என்பதைவிட, நினைவு அவளிடம் ஒருபோதும் இருந்ததில்லை என்பதே சரி. இதைச் சொன்னால் பல ரசிகர்களுக்கு வருத்தம் வரும். கதைக்குள் கணினி நுட்பத்தை நுழைக்கக் கூடாது என்பார்கள். இந்த விளையாட்டில் கதையையும் நுட்பத்தையும் அப்படிப் பிரித்து வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இது தானாகச் சேமித்துக்கொள்ளாத விளையாட்டு. மின்சாரம் போனால், நாம் கடைசியாகச் சேமித்த பிறகு நடந்த அத்தனையும் இல்லாமல் போகும். அந்தக் கோடையில் யுபிஎஸ் கூவத் தொடங்கிய பத்தாவது நொடியில் எங்கள் குடும்பம் ஒன்றில் பிறந்திருந்த இரட்டைக் குழந்தைகளை இழந்தோம். மறுபடி திறந்தபோது தாய் கருவுறுவதற்கு முந்தைய நாளில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த உலகத்தில் ஒருவர் இல்லாமல் போவதென்றால் என்ன என்பதை எங்களுக்குக் கற்றுத்தந்தது அந்த மின்வெட்டுத்தான்.

மற்றோர் ஊகம் டீனாவைச் சந்தேகிக்கிறது. டீனா, பெல்லாவின் சகோதரன் மைக்கேல் பேச்சலரை மணந்து விதவையானவள். இப்போது பெல்லாவின் கணவன் மார்ட்டிமரை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். அவரிடம் நிறையச் சொத்து இருக்கிறது. முறைப்படி பார்த்தால் நாத்தனாரின் கணவரையே மணக்கப் பார்க்கிறாள். எங்கள் பெரியம்மா இதைக் கேட்டதும் வழக்கை முடித்தே விட்டார். காரணம் இருப்பதால் குற்றம் இருக்க வேண்டும் என்ற அளவைத் தாண்டி இந்த ஊகத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டான்தான் அவளைக் கொன்று, கடத்தல் கதையைப் பரப்பினான் என்போரும் உண்டு. ஆனால் இந்த விளையாட்டு சாவைப் பற்றி மிகவும் கறாரானது. யார் இறந்தாலும் கறுப்பு அங்கி அணிந்த காலன் நேரில் வந்தாக வேண்டும். நிறைவான வாழ்வு வாழ்ந்து முதுமையில் இறப்பவர்களை அழைத்துப்போகக் காலன் ஹூலா நடனப் பெண்களோடு வருவார் என்பதெல்லாம் கூட உண்டு. காலன் வந்து போனால் கல்லறையோ சாம்பல் கலசமோ மிஞ்சும், இரவில் ஆவி உலவும். காத் வீட்டின் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கே பெல்லாவுக்குக் கல் இல்லை. அவள் இறக்கவில்லை என்பதை நான் அந்த வெற்றிடத்தை வைத்தே நம்புகிறேன்.

மிஞ்சுவது ஓடிப்போனாள் என்னும் ஊகம். வயதான கணவன், இருண்ட பழைய வீடு, பக்கத்தில் கல்லறைகள், இளமையான டான். அவள் அவனோடு உறவு வைத்திருந்தாள், அது வெளியே தெரியப்போகிறது என்று கிளம்பிவிட்டாள், வானத்து ஒளியெல்லாம் அவளுடைய விடுதலையின் உருவகம் என்று நயமாக எழுதியிருப்பார்கள். சிலர் அவளைப் பழிக்கிறார்கள், சிலர் அவளை வாழ்த்துகிறார்கள். இரண்டு சாராரும், டானின் நினைவுப் பட்டியலில் இருக்கும் அந்தச் சிறு படத்தைத் தாண்டிக் குதித்துத்தான் அங்கே போய்ச் சேருகிறார்கள்.

எனக்கு இதில் இவ்வளவு அழுத்தம் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே கோடையில், பெரியம்மா வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்த அக்கா ஒருவர், கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர், ஒரு மாலை வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் குழாயடியில் ஒரு கதை இருந்தது. மாலைக்குள் மூன்று கதைகள். பட்டறைக்கு வெள்ளிக்கட்டி கொண்டு வந்த ஓர் ஆளைப் பற்றிப் பேசினார்கள்; அந்த அக்கா புதிதாக வாங்கிய கைப்பேசியைப் பற்றிப் பேசினார்கள்; போன மாதம் கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனதைக்கூடப் பேசினார்கள். அவருடைய அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பேசியவர்களில் ஒருவரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. நான்காம் நாள் காலை ஏற்காட்டுப் பேருந்தில் வந்து அந்த அக்கா இறங்கினார். மலைமேல் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய தங்கைக்குக் குறைப்பிரசவம். தகவல் கிடைத்ததும் கடைசிப் பேருந்தைப் பிடித்துப் போயிருக்கிறார். தோட்டத்தில் கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. சொல்லி அனுப்பிய ஆள் வந்து சேரவில்லை. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அவர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மிளகைச் செய்தித்தாளில் கூம்பு கூம்பாக மடித்து, பேசிய வீடுகள் உட்படத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். பெரியம்மா அதை வாங்கி டப்பாவில் கொட்டியபோது அவருடைய கை சற்றே தடுமாறியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பெல்லாவைப் பற்றி ஊகிக்கும்போது நான் எனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். பதிவாகியிருப்பதை மறைக்கிற ஊகம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வேண்டாம். அந்த வரம்புக்குள் நின்று நான் கண்ட பெல்லா இப்படிப்பட்டவள்: மகளுக்கு நிச்சயிக்கப்பட்டவனின் வீட்டுக்கு அவள் போனாள். எதற்குப் போனாள் என்று பதிவில்லை. மகளை மணக்கப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கப் போயிருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் அவளிடமே அத்துமீறினான். அவள் மறுத்தாள். மறுத்த பிறகு அந்த மேல்தளத்தில் தனியாக நின்று வானத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த ஒளி இறங்கியது. இதன்படி, டான் எப்படிப்பட்டவன் என்று அறிந்து, கசாண்ட்ராவிடம் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவள் சொல்ல முடியாமல் போனதால்தான் விளையாட்டு தொடங்கும்போது கசாண்ட்ராவின் திருமணம் நிச்சயமாகியே இருக்கிறது, அவளை மணமேடையில் நிறுத்திவிட்டு டான் ஓடுவதைப் பார்த்துப் பலரும் வருந்தியிருக்கிறோம். ஓடிப்போனது யார் என்று கேட்டால், அந்தக் கதையில் ஓடியவன் அவன்தான்.

2009இல் வந்த 'சிம்ஸ் 3' கதையைப் பின்னோக்கிக் கொண்டுபோய், பெல்லாவைச் சன்செட் வேலி என்னும் ஊரில் சிறுமியாகக் காட்டியது. அதே ஊர்ச் சிறுவன் மார்ட்டிமர் அவளுடைய தோழன். அதைச் சில மாதங்கள் ஆசையாக விளையாடினேன், ஆனால் மர்மத்துக்கு அது ஒன்றும் சேர்க்கவில்லை. சிம்ஸ் 4 வேறொரு காலக்கோட்டில் அவளை வீட்டோடு வைத்து, இரகசிய உளவாளி வேலையும் கொடுத்துவிட்டது. அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு, பழைய பெல்லாவும் உளவாளியாக இருந்துதான் மறைந்தாள் என்று ஒரு புது ஊகம் கிளம்பியது. குழந்தைக்கு அந்த ஊகம் மிகவும் பிடித்திருந்தது. எனக்கு அது பின்னால் வந்த சட்டையை முன்னால் வாழ்ந்தவளுக்குப் போட்டுப் பார்ப்பதாகப் படுகிறது.

குழந்தையின் கேள்விக்கு வருகிறேன். யாராவது தேடினார்களா? விளையாட்டில் தேட வழியே இல்லை. மார்ட்டிமரைச் சொடுக்கினால் சாப்பிடச் சொல்லலாம், சதுரங்கம் ஆடச் சொல்லலாம், டீனாவை மணக்கக்கூடச் சொல்லலாம்; 'மனைவியைத் தேடு' என்று ஒரு கட்டளை கிடையாது. தேடியதெல்லாம் வெளியே இருந்த நாம்தான். கோப்புகளைப் பிரித்துப் பார்த்துப் பிளசன்ட்வியூவின் தரவுக்குள் பெல்லாவின் பெயர் இன்னும் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள், விளையாட்டைத் திருத்தும் கருவிகளை எழுதி அவளை வீட்டுக்கு அழைத்துவர முயன்றவர்கள், இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு படத்தையும் உருப்பெருக்கிப் பார்ப்பவர்கள். அவர்களில் பலருடைய ஊகத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அவர்கள் தேடினார்கள் என்பதை அந்தக் குழந்தையிடம் சொன்னேன்.

2025 ஜனவரி 31ஆம் தேதி, 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி முதல் இரண்டு விளையாட்டுகளும் இன்றைய கணினிகளில் ஓடும்படி மறுபடி வெளியிடப்பட்டன. நான் அதை வாங்கியதால்தான் இந்தப் பேச்சே வந்தது. இந்த முறை காத் வீட்டில் நான் செய்தவை இவ்வளவுதான். கசாண்ட்ராவின் நிச்சயத்தை முறித்தேன். மார்ட்டிமரை டீனா கூப்பிட்டபோது போகவிடவில்லை. குழந்தை ஒரு தொலைநோக்கி வேண்டும் என்றாள். வாங்கி, வீட்டின் மேல்தளத்தில் வைத்தோம். முதல் இரவே யாரும் சொல்லாமல் அலெக்சாண்டர் படியேறிப் போனான். அவன் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே மழைக்காற்று அடித்து விளக்கு ஒருமுறை மங்கியது. "சித்தி, சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். சேமித்தேன்.